சித்தி வீட்டுக் கம்பிக்கதவில் தொங்கிய பை

26 ஆகஸ்ட் 2025, செவ்வாய்

விடிகாலை ஐந்தரை மணிக்குச் சித்தி என்னை உலுக்கி எழுப்பினார். கோப்பி ஆறுகிறதோ என்று பார்த்தால், மூங்கில் கழி இழுக்க ஆள் வேண்டுமாம். சிங்கப்பூர் தோ பாயோவில் பத்தாவது மாடி. சமையலறை ஜன்னலுக்கு வெளியே கழியில் கோத்துக் காயப்போட்ட துணியெல்லாம் காற்றில் கொடி மாதிரி அடித்துக்கொண்டிருந்தது. "சுமத்ரா காத்து, பாப்பா. இந்த மாசத்துல இப்படித்தான், சொல்லாமக் கொள்ளாம வரும்" என்றார். நான்கு கழிகளை உள்ளே இழுத்து முடிப்பதற்குள் மழை சாய்ந்து வந்து என் நைட்டியை நனைத்துவிட்டது. ஒரு மணி நேரம்தான். ஏழு மணிக்கெல்லாம் வெயில், எதிர் புளோக்கில் இன்னும் கழற்றாத தேசிய நாள் கொடிகள் சொட்டச் சொட்டத் தொங்கின.

நான் வந்த காரணத்தைச் சித்தியிடம் நேற்று இரவு சொல்லியிருந்தேன். சென்னையில் மூன்று வருடமாகப் பழைய உடுப்புகள் தேடி வாங்கிப் போட்டுக்கொண்டிருக்கிறேன். நாற்பது ஐம்பது வருடத்துத் துணி, நல்ல தையல், இப்போது யாரும் போடாத வெட்டு. சிங்கப்பூரில் அதற்கென்றே சின்னச் சின்னக் கடைகள் இருக்கின்றன, ஐந்து நாளும் அங்கேதான் சுற்றப்போகிறேன் என்றதும் சித்தி தட்டில் தோசையை வைத்த கையை எடுக்கவில்லை.

"யாரு போட்டதுன்னு தெரியுமா?"

"தெரியாது சித்தி."

"செத்தவங்களுதா இருந்தா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. குறிஞ்சிப்பாடியில் பழைய புடவையைப் போட்டு எவர்சில்வர் கிண்ணம் வாங்குகிற வீடு எங்களுடையது. வீட்டை விட்டுப் போன துணி திரும்பி வராது. சீனர்களுக்கும் இது ஆகாதாம், "பந்தாங்" என்றார் சித்தி, ஆகாதது என்பதற்கு மலாய்ச் சொல். கடைசியில் ஒப்பந்தம் இப்படி முடிந்தது: வாங்கு, ஆனால் பை வீட்டுக்குள் வராது. வெளியே கம்பிக்கதவில் தொங்கட்டும்.

முதல் நாள் முதல் தப்பு, பத்து மணிக்கே ஹாஜி லேனுக்குப் போனது. ஒரு கடையும் திறக்கவில்லை. இரண்டு பக்கமும் கடைவீடுகள், நடுவில் இரண்டு கார் ஒதுங்க முடியாத சந்து, சுவர் முழுக்க ஓவியம், அதன் முன்னால் படம் எடுத்துக்கொள்ளும் கொரியப் பெண்கள் நான்கு பேர். பூட்டிய கதவு ஒன்றில் "ஒரு மணி, அல்லது அதற்கு மேல்" என்று எழுதி ஒட்டியிருந்தது. அந்த "அல்லது" எனக்குப் பிடித்திருந்தது, வெயில் பிடிக்கவில்லை. சுல்தான் பள்ளிவாசலுக்கு எதிரே 1908-லிருந்து இருக்கிற ஜம் ஜம்மில் போய் உட்கார்ந்தேன். ஆட்டிறைச்சி முர்தபா, அதாவது கறி வைத்து மடித்துச் சுட்ட பரோட்டா, எட்டரை வெள்ளி. இங்கே டாலருக்குத் தமிழில் வெள்ளிதான், இன்றைய கணக்கில் ஒரு வெள்ளி 68 ரூபாய். மனசு பெருக்கிப் பார்க்காமல் இருக்காது; 578 ரூபாய்க்கு முர்தபா என்று வந்தது. அதன் மேல் ஊற்றிக்கொள்ளக் குழம்பு, தொட்டுக்கொள்ளத் தக்காளி சாஸில் போட்ட வெள்ளரித் துண்டு. வெள்ளரியும் சாஸும் சேருமா என்று சந்தேகப்பட்டேன். சேர்கிறது.

ஒன்றரைக்குக் கடைகள் திறந்தன. மூன்று கடை ஏறி இறங்கினேன், எல்லாம் செங்குத்துப் படிக்கட்டு. எல்லாவற்றிலும் அதே வாசனை: சாம்பிராணிக் குச்சியும் அந்துருண்டையும் கலந்தது. டீ-ஷர்ட்தான் அதிகம். கடைப் பையன் (இருபது வயது இருக்கலாம், கையில் டேப் சுற்றிய கண்ணாடி) ஒன்றை மடித்து விளிம்பைக் காட்டினான். ஓரத்தில் ஒரே ஒரு தையல் ஓடினால் பெரும்பாலும் 90-களின் நடுவுக்கு முந்தியதாம், அப்புறம் எல்லாரும் இரட்டைத் தையலுக்கு மாறிவிட்டார்கள். "ஆனா இப்ப ஒற்றைத் தையல் போட்டே போலி பண்றாங்க" என்று அவனே சொன்னான். வியாபாரிக்கு ஆகாத நேர்மை. லீவைஸ் என்றால் பின்பாக்கெட் சிவப்பு நாடாவைப் பார்க்க வேண்டும், பெயரில் ஆங்கில ஈ பெரிய எழுத்தாக இருந்தால் 1971-க்கு முன்னால் வந்தது. அப்படி ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டிக் கிடந்தது. விலை கேட்கவில்லை, பூட்டே போதும்.

பிறகுதான் அந்தச் சட்டையைப் பார்த்தேன். கம்பிக் கொடியில் கடைசியில். நீலமும் அரக்கும் மஞ்சளும் கட்டம், சாயம் ஒன்றில் ஒன்று இறங்கிக் கலங்கிய கட்டம். "மெட்ராஸ்" என்றான் பையன். "தெரியும்" என்றேன், கொஞ்சம் அதிகமாகவே சத்தமாக.

இதற்கு ஒரு கதை உண்டு. 1958-ல் அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நம்ம ஊர்க் கைத்தறிக் கட்டத்துணியில் சட்டை தைத்து விற்றார்கள். துவைத்தால் சாயம் போகும், குளிர்ந்த நீரில்தான் அலச வேண்டும் என்கிற விஷயம் வாங்கியவர்களுக்குத் தெரியவில்லை. துவைத்தார்கள், போனது, சண்டைக்கு வந்தார்கள். கடைசியில் அந்தக் குறையையே விளம்பரம் ஆக்கினார்கள்: சாயம் போவது உத்தரவாதம்! ஒவ்வொரு சலவைக்கும் நிறம் மாறுகிற சட்டை என்று கல்லூரிப் பையன்கள் அடித்துப் பிடித்து வாங்கினார்கள். எங்கள் தாத்தா தறியில் நெய்த கைலி சாயம் போனால் செட்டியார் கூலியைப் பிடித்துக்கொள்வார். இங்கே சாயம் போனதற்கு 140 வெள்ளி. ஒன்பதாயிரத்து ஐந்நூறு ரூபாய்.

தொட்டுப் பார்த்தேன். பஞ்சு நூல், நாள்பட்டுத் துவைத்துத் துவைத்து வாழைப்பூ உள்மடல் மாதிரி வழவழப்பு. திரும்ப மாட்டிவிட்டு வந்துவிட்டேன்.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. இன்றைக்குப் பழந்துணி என்ற பேச்சே எடுக்கக் கூடாது என்று உத்தரவு. தோ பாயோ எட்டாவது லோரோங்கில் (சந்துக்கு மலாய்ச் சொல்) வைரவிமட காளியம்மன் கோவிலுக்குப் போனோம், கூட்டம். திரும்பி வந்து கொழுக்கட்டை. தேங்காய்ப்பூ இங்கே ஈரச்சந்தையில் துருவியே கிடைக்கிறது, அதனால் சித்தியின் பூரணம் ஊரில் இருப்பதைவிடத் தாராளம். ஒன்பது சாப்பிட்டேன். மதியம் தூங்கினேன்.

மாலையில் கீழே இறங்கினால் புகை. சீனர்களுக்கு ஏழாம் மாதம் நான்கு நாள் முன்னால் பிறந்திருக்கிறது. இறந்தவர்கள் வந்து போகிற மாதம். புல்தரையில் இரும்புத் தொட்டி, அதைச் சுற்றி ஒரு குடும்பம், அவர்கள் எரித்துக்கொண்டிருந்தது தாள் பணமும் தாள் துணியும். நான் நின்று பார்த்தேன், முறைத்துப் பார்ப்பது மரியாதை இல்லை என்று தெரிந்தும். ஆண்கள் சட்டை ஒன்று, கண்ணாடித்தாள் உறையோடு. பொத்தான், பாக்கெட், காலர்ப்பட்டை எல்லாம் அச்சடித்தது, மடிப்புக்கூட அச்சு. கடையில் பிரித்த புதுச் சட்டை போலவே இருந்தது. பாட்டி ஒருவர் உறையைப் பிரித்து, சட்டையை நீவி, அப்புறம்தான் நெருப்பில் வைத்தார்.

அந்தப் பக்கம் திடலில் கெத்தாய் மேடை, இந்த மாதத்துப் பாட்டுக் கச்சேரி, ஜிகினா உடையில் ஒருவர் ஹொக்கியன் என்கிற சீன மொழியில் பாட்டு. முன் வரிசை நாற்காலிகள் காலி. அது ஆவிகளுக்கு, உட்கார்ந்துவிடாதே என்று சித்தி கையைப் பிடித்து இழுத்தார்.

"பாத்தியா, செத்தவங்களுக்கே புதுசுதான் போடுறாங்க. நீ உசுரோட இருந்துக்கிட்டுப் பழசு தேடுற."

இதற்கும் பதில் இல்லை.

28 ஆகஸ்ட், வியாழன்

வாட்டர்லூ தெரு. இங்கே கிருஷ்ணன் கோவிலும் குவான் இம் என்கிற சீனப் பெண் தெய்வத்தின் கோவிலும் அடுத்தடுத்து நிற்கின்றன, குவான் இம்மைக் கும்பிட்டு வரும் சீனர்கள் அப்படியே கிருஷ்ணனுக்கும் ஊதுபத்தி காட்டிவிட்டுப் போகிறார்கள். அதே தெருவில் பெண்கள் அமைப்புகளின் மன்றம் நடத்தும் நியூ டு யூ என்கிற கடை. எல்லாம் யாரோ கொடுத்த துணி, விற்பவர்கள் தொண்டூழியர்கள், வரும் காசு வீட்டில் அடிபட்டு வரும் பெண்களுக்கான காப்பகத்துக்குப் போகிறது. வார நாளில் பகல் நேரம் மட்டும்தான் திறப்பார்கள், இந்தத் தடவை கேட்டுத் தெரிந்துகொண்டே போனேன்.

ஹாஜி லேனில் யாரோ சலித்து எடுத்த பத்து உருப்படியைப் பூவாக மாட்டியிருப்பார்கள். இங்கே நாமேதான் சலிக்க வேண்டும். ஒரு மணி நேரம் ஹாங்கரைத் தள்ளித் தள்ளி ஆள்காட்டி விரல் கன்றிப்போனது. அலுவலகச் சட்டை, யாரோ ஒரு தடவை போட்ட மணப்பெண்தோழி கவுன், வீடு மாறும்போது கொடுத்த குளிர்க்கோட்டு. நடுவில் கருநீலப் பருத்திக் கவுன், வெள்ளைப் புள்ளி, முழங்காலுக்குக் கீழே வரை, கூர்க் காலர், முதுகில் உலோக ஜிப். கழுத்துப் பட்டியில் சின்னதாக நெய்த எழுத்து: மேட் இன் சிங்கப்பூர்.

இந்த ஊரில் இன்றைக்குத் துணி தைத்து ஏற்றுமதி செய்கிறார்கள் என்று யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். ஆனால் 60, 70-களில் இங்கே ஆயத்த ஆடை பெரிய தொழில். நம்ம ஊரிலும் விற்கிற க்ரோக்கடைல் சட்டை 1947-ல் இங்கே பிறந்ததுதான். விலைச்சீட்டைத் திருப்பினேன், எட்டு வெள்ளி. கல்லாவில் இருந்த பாட்டி கவுனை மேலே தூக்கிப் பிடித்து, "நான் இதுமாதிரி ஒண்ணு போட்டுக்கிட்டுத்தான் முதல் வேலைக்குப் போனேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லி, பழைய நாளிதழில் சுற்றிக் கொடுத்தார்.

அங்கிருந்து சுங்கை ரோட்டுக்கு நடந்தேன். திருட்டுச் சந்தை இருந்த இடம். 1930-களிலிருந்து தரையில் விரிப்புப் போட்டுப் பழைய கடிகாரம், செருப்பு, சட்டை என்று விற்றார்கள், காணாமல் போன சாமான் மறுநாள் அங்கே கிடைக்கும் என்பதால் அந்தப் பெயர். 2017 ஜூலை 10-ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். அந்தப் பழந்துணிச் சந்தையைப் பற்றி நிறையப் படித்து வைத்திருந்ததால் போகாமல் இருக்க முடியவில்லை. போய் ஒன்றும் பார்க்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பக்கத்தில் ஜாலான் பெசார் ரயில் நிலையம் குளிர்ச்சியாக இருந்தது, அதுதான் லாபம்.

ஜாலான் பர்சே உணவங்காடியில் லக்சா. நூடுல்ஸைத் துண்டு துண்டாக வெட்டிப் போட்டிருப்பதால் குச்சி வேண்டாம், கரண்டியாலேயே அள்ளலாம். தேங்காய்ப்பாலும் காய்ந்த இறால் காரமும், வியர்த்துக் கொட்டியது. தண்ணீர் வாங்க எழுந்து போனவள் பையை மேசையிலேயே விட்டுவிட்டேன். திரும்பி வந்தால் நாளிதழில் சுற்றிய என் கவுனைக் குப்பை என்று நினைத்துத் துப்புரவு ஆன்ட்டி தட்டோடு சேர்த்து எடுத்துவிட்டார்! எதிரில் இருந்த சீனத் தாத்தா கரண்டியை வாயில் வைத்தபடியே கையை நீட்டி அந்த வண்டியை நிறுத்தியிருந்தார். நான் நன்றி சொல்லிக்கொண்டே நின்றேன், அவர் லக்சாவைக் காட்டினார். ஆறிவிடுமாம்.

பை அன்றிரவு கம்பிக்கதவில் தொங்கியது. சித்தி வெளியே போகும்போது முந்தானையை ஒதுக்கிக்கொண்டு போனார்.

29 ஆகஸ்ட், வெள்ளி

கவுனை இரவோடிரவாகத் துவைத்திருக்க வேண்டும். ஆனால் சித்தியின் சலவை இயந்திரம் அதற்குத் தடை, எனக்கும் பொறுமை இல்லை. தாழ்வாரத்தில் ஆற்றிவிட்டு, காலையில் புளோக்கின் கீழ்த்தளக் கழிப்பறையில் மாற்றிக்கொண்டு கிளம்பினேன். (ஆமாம், துவைக்காமல் போட்டேன். திட்ட விரும்புகிறவர்கள் சித்திக்குப் பின்னால் வரிசையில் நிற்கவும்.)

தோபி காட் நிலையம். லிட்டில் இந்தியாவுக்கு வண்டி மாற வேண்டும். நீளமான நகரும் படிக்கட்டு, பாதியில் முதுகில் சில்லென்று குளிர்காற்று. கையை வைத்துப் பார்த்தால் ஜிப் கழுத்தில் பூட்டியபடியே இருக்கிறது, அதற்குக் கீழே துணியும் ஜிப்பும் தனித்தனி. முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். தலையில் தூடோங் சுற்றிய மலாய்ப் பெண் ஒருவர் வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. தன் தோளருகே இருந்த ஊசி ஒன்றை உருவினார், காதருகே இன்னொன்று, கைப்பைக்குள்ளிருந்து நான்கு ஊக்கு. ஒரு நிமிடத்தில் என்னைக் குத்திச் சேர்த்துவிட்டு, தன் தூடோங்கை ஒரு கையால் பிடித்தபடி வண்டி ஏறிப் போனார். பெயர்கூடக் கேட்கத் தோன்றவில்லை.

இந்த நிலையத்தின் பெயரே தோபி காட், வண்ணார் துறை. இந்தியாவிலிருந்து வந்த வண்ணார்கள் இங்கே ஓடிய ஓடையில் துணி வெளுத்துப் புல்வெளியில் காயப்போட்டார்கள். துணி வெளுக்காமல் போட்டவளுக்கு இங்கேதானா கிழிய வேண்டும்?

தேக்கா சந்தை. கீழே மீனும் கீரையும், மேலே இரண்டாம் மாடியில் புடவைக் கடைகள், பஞ்சாபி உடுப்புக் கடைகள், நடுநடுவே தையல் மெஷின்கள். தெரிந்த ஆள் போல ஓர் அக்காவிடம் போய் முதுகைக் காட்டி நின்றேன். அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும், நரைத்த கொண்டை, மூக்குக் கண்ணாடிக்கு மேலே ஒரு கண்ணாடி.

"பசியாறிட்டியாம்மா?" என்றார் முதலில். அப்புறம்தான் முதுகு.

மாற்றிக்கொள்ள ஒரு கைலியும் பனியனும் கொடுத்தார். திரைக்குப் பின்னாலிருந்து வந்தபோது கவுனை உள்வெளியாகத் திருப்பி மடியில் போட்டு, தையல்களை விரலால் தடவிக்கொண்டிருந்தார். ஜிப் பக்கத்தில் நூலின் நுனியைப் பிடித்து லேசாகச் சுண்டினார். சத்தமே இல்லாமல் அறுந்தது. இன்னொரு இடத்தில் சுண்டினார், அங்கேயும்.

"துணி நல்லாத்தான் இருக்கு. நூல்தான் செத்துப்போச்சு. பஞ்சு நூலு, இந்த ஊர் புழுக்கத்துல நாப்பது வருசம் எங்க தாங்கும்?"

அப்புறம் இடுப்புத் தையலைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு அங்குலத் துணி மடித்து விட்டிருந்தது. உடம்பு போட்டால் பிரித்துப் பெரிதாக்கிக்கொள்ள. இப்போது வருவதில் கால் அங்குலம்கூட விடுவதில்லை, அன்றைக்கே அறுத்து ஓரம் அடித்துவிடுகிறார்கள் என்றார். பேசிக்கொண்டே கழுத்துப் பட்டியைப் பார்த்தார். கை நின்றது. மேல் கண்ணாடியை இறக்கிப் படித்தார்.

"எங்க கிடைச்சுது?"

சொன்னேன்.

பதினாறு வயதில் காலாங் பக்கம் அடுக்குமாடித் தொழிற்சாலை ஒன்றில் வேலைக்குப் போயிருக்கிறார். காலர் பிரிவு. ஒருத்தி கை மட்டும், ஒருத்தி பொத்தான் துளை மட்டும், இவர் ஒன்பது வருடம் காலர் மட்டும். டஜன் கணக்கில் கூலி. பெரும்பாலும் சீனப் பெண்கள், மலேசியாவிலிருந்து வந்தவர்கள், தமிழ்ப்பிள்ளைகள் இவரோடு மூன்று பேர். "ஒன்பது வருசம் தைச்சதுல ஒரு முழுச் சட்டை தைச்சதில்லைம்மா. எல்லாம் கப்பல்ல போயிடும். பிறகு வேலை மலேசியாவுல ஜோகூர் பக்கம், இந்தோனேசியாவுல பாத்தாம் பக்கம் போயிடுச்சு, கடையை மூடிட்டாங்க." முழுச் சட்டை தைக்கவே அதற்கப்புறம் இன்னொருவரிடம் கற்றுக்கொண்டாராம்.

"இந்தக் காலர் நீங்க தைச்சதா இருக்குமா அக்கா?"

காலர் முனையைக் கட்டைவிரல் நகத்தால் குத்திப் பார்த்தார். "சே. நான் முனையை இன்னும் கூரா எடுப்பேன்."

புது ஜிப் வைத்து, முதுகு, இடுப்பு, பக்கத் தையல் எல்லாம் பிரித்துப் பாலியெஸ்டர் நூலில் மறுபடி அடிக்கிறேன், நாளைக்கு வா என்றார். ஜிப்புக்குப் பன்னிரண்டு வெள்ளி. மற்றதற்கு? "அதுக்கு ஏன் காசு." எட்டு வெள்ளிக் கவுனுக்குப் பன்னிரண்டு வெள்ளி வைத்தியம், அதுவும் சலுகையில். அந்தக் கைலியிலும் பனியனிலும் வெளியே போக முடியாது என்பதால் எதிர்க்கடையில் ஒரு குர்தா வாங்கினேன், புதுசு, பதினைந்து வெள்ளி. இந்தப் பயணத்திலேயே அதுதான் அசட்டுத்தனமான செலவு.

30 ஆகஸ்ட், சனி

நாளை காலை விமானம். கால் இரண்டும் வீங்கிப்போயிற்று. பார் ஈஸ்ட் பிளாசாவுக்கு அரை மணி நேரம் போனேன், 80-களின் கட்டடம், நல்ல கடைகள் உண்டு, ஆனால் என் கண் அலுத்துவிட்டது. ஒன்றும் வாங்கவில்லை.

மெட்ராஸ் சட்டையை மட்டும் மறக்க முடியாமல் மறுபடி ஹாஜி லேன் படியேறினேன், ஒன்றரைக்குத்தான். விற்றுவிட்டது. ஜப்பான்காரர் ஒருவர் பேரம் பேசாமல் எடுத்துக்கொண்டாராம். எனக்கு வருத்தமா நிம்மதியா என்று தெரியவில்லை, 140 வெள்ளி மிச்சம்.

அரபு தெருவில் கைலிக் கடை ஒன்றில் ஏறினேன். மலாய்க்காரர்கள் தொழுகைக்கும் வீட்டுக்கும் கட்டும் கட்டக் கைலிக்கு "கைன் பெலேகாட்" என்று பெயர். பெலேகாட் என்றால் வேறொன்றும் இல்லை, நம்ம பழவேற்காடு. 1613-ல் டச்சுக்காரர்கள் அங்கே கோட்டை கட்டிக்கொண்டு, சோழமண்டலக் கரைத் துணியை இந்தத் தீவுகளுக்கு ஏற்றி, மிளகும் ஜாதிக்காயும் மாற்றிக்கொண்டு போனார்கள். துணியோடு ஊர்ப்பெயரும் இங்கே தங்கிவிட்டது. கடை பாய் தமிழ்தான். "வாங்கம்மா, யாருக்கு?" என்று பத்து கைலியை மேசையில் விசிறிப் போட்டார். அப்பாவுக்கு என்று பச்சைக் கட்டம் ஒன்று எடுத்தேன், பதினெட்டு வெள்ளி. மூலையில் ஒட்டியிருந்த சீட்டில் மேட் இன் இந்தியா.

படம் எடுத்து அனுப்பினேன். தறிக்காரர் மகனான அப்பாவிடமிருந்து ஐந்து நிமிடத்தில் குரல்பதிவு: "கரை நல்லா இல்லை. இது குடியாத்தம் சரக்கு மாதிரி இருக்கு. எவ்வளவு குடுத்த?" கடைசிக் கேள்விக்கு நான் இன்னும் பதில் போடவில்லை.

தேக்காவில் கவுனை வாங்கிக்கொண்டு, மாலை வீட்டுக்கு வந்து வழக்கம்போலப் பையைக் கம்பிக்கதவில் மாட்டினேன். சாப்பிடும்போது தையலக்கா கதையைச் சொன்னேன். காலர் பிரிவு, டஜன் கூலி, செத்துப்போன நூல் எல்லாம். சித்தி நடுவில் கேட்டது ஒன்றுதான்.

"முழுசாப் பிரிச்சுட்டாங்களா?"

"ஆமா சித்தி. முதுகு, இடுப்பு, பக்கம் எல்லாம் புதுத் தையல்."

"ம்."

குளித்துவிட்டு வந்து பார்த்தால் கம்பிக்கதவில் பை இல்லை. திடுக்கிட்டுக் குப்பைக்குழாய்ப் பக்கம் ஓடப்போனேன். சமையலறையில் சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்பது மணிக்குக் கவுன் கழியில் ஏறி ஜன்னலுக்கு வெளியே போனது, விசிறியும் வைத்து விடிவதற்குள் காயவைத்தாயிற்று. இஸ்திரி போட்டு மடித்து என் பெட்டியில் மேலாக வைத்ததும் சித்திதான்.

விமானத்தில் போடலாம் என்று மறுநாள் விடிகாலை நான்கு மணிக்குப் பிரித்தேன். புதுத்துணிக்கு வைப்பதுபோல மஞ்சள் வைத்திருக்கிறார். கொஞ்சம் தாராளமாகவே வைத்துவிட்டார். காலருக்குக் கீழே மூன்றாவது வெள்ளைப் புள்ளி இப்போது மஞ்சள் புள்ளி.